குருசடியில் கத்திய பெட்டி

அனந்தநாராயண ஐயர் இறந்த செய்தி என் கடைக்கு விளக்குக் கேட்டு வந்தது. காலையில் கடையைத் திறந்து காஸ் லைட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்பாத்தியிலிருந்து அவருடைய மருமான் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"ராவுத்தரே, சாயங்காலத்துக்கு ரெண்டு லைட் வேணும். வாசல்ல பந்தல் போடறோம்."

"கல்யாணமா?"

"இல்லே. மாமா போய்ட்டார். விடியக்காலம்."

அவன் அழவில்லை. இருப்பதில் நல்லதாக இரண்டு விளக்குகளை எடுத்து, சுடர் பிடிக்கிற வலைத்துணியான மேண்டிலைப் புதிதாகக் கட்டி, காற்றடித்துப் பார்த்து, கடையில் வேலை செய்பவரோடு அனுப்பினேன். வாடகை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். நான் போகவில்லை. பாலக்காட்டு ஊருக்குள் என் கடையிலிருந்து கல்பாத்திக்கு எவ்வளவு குறைந்த தூரம் என்று இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும். தூரம் காரணமல்ல.

அவரோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்களில் ஒருவர் வந்து, "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க ராவுத்தரே, நீங்கதானே அவர்கூடவே நடந்தவர்" என்றார். நல்லதை நாலு அல்ல, நாற்பது பக்கம் எழுத முடியும். நல்லதை மட்டும் எழுதச் சொன்னால் என்னால் ஆகாது. நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. சாமான் கட்டி வந்த காகிதங்களைப் பார்த்துத் தமிழும், விளக்குப் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருந்ததைப் பார்த்து இங்கிலீஷும் படித்தவன். அப்படிப் படித்தவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். அச்சில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்புவான். அந்த நம்பிக்கையை நானே கெடுக்க மாட்டேன். இதைப் போடுவதானால் முழுதாகப் போடுங்கள். வெட்டிப் போடுவதானால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அவரை முதலில் பார்த்தது வேலந்தாவளத்தில், சந்தை நாளில். அப்போது என் கடை அங்கே இருந்தது. பாலக்காடு சென்னை ராஜ்யத்திலும், குமுளி மலை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த காலம். மாட்டுச் சந்தை நெரிசலுக்கு நடுவே, காக்கி அரைக்கால் சட்டையும் நெற்றியில் விபூதியும் கையில் ஒரு சுத்தியலுமாக ஒரு மனிதர் சாலையோரப் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தார். மாட்டுத் தரகர்கள் சும்மா இருப்பார்களா?

"ஏனுங் சாமி, மாட்டுச் சந்தைக்கு வந்து கல்லைத் தட்டிட்டு இருக்கறீங்க? பல்லைப் புடிச்சுப் பாருங்க, வயசு தெரியும்!"

அவர் நிமிர்ந்து, முகம் மாறாமல் சொன்னார்: "இதுக்கும் பல் இருக்கு ஓய். பாத்துட்டேன். உம்ம மாட்டைவிட ரெண்டு வயசு கூடுதல்."

சந்தையே சிரித்தது. அவருக்கு வேண்டியது மாடும் அல்ல, கல்லும் அல்ல, முகாமுக்கு விளக்கு. என் கடைக்கு வந்தார், சர்க்கார் நிலவியல் அதிகாரி என்றார். அடுப்பு, விளக்கு, அரிசி, பருப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கூட வர ஓர் ஆள் வேண்டும் என்றார். தம்பியிடம் கடையை விட்டுவிட்டு நான் கிளம்பினேன். என்ன தேடுகிறார் என்று கேட்டதற்கு அவர் மறைக்கவில்லை. யுரேனியம் என்றார். அணுசக்தி என்ற சொல் பத்திரிகைகளில் புதிதாக அடிபட்ட நேரம் அது.

அன்று டீக்கடையில் அவர் சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை. ஓர் அச்சு வெல்லத்தை எடுத்து இரண்டாக உடைத்தார். இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, ஒன்றை மட்டும் கொஞ்சம் கீழே நகர்த்தினார். "பாரும் ராவுத்தரே. உடைஞ்சா மட்டும் போறாது. உடைஞ்ச பக்கம் நகரணும். மலையிலே அப்படி உடைஞ்சு நகர்ந்த இடம்தான் பிளவு. பூமிக்கு அடியிலே கொதிக்கிற தண்ணி இந்தச் சந்து வழியா மேலே ஏறும். ஏறி வரச்சே எதையெல்லாம் கரைச்சுண்டு வந்ததோ, அதைச் சுவரிலே அப்பிட்டு ஆறிப் போகும். வெந்நீர் அண்டாவிலே காரை பிடிக்கறதோ இல்லையோ, அதேதான். நமக்கு வேண்டியது அந்தக் காரை." சொல்லிவிட்டு வெல்லத்தில் பெரிய துண்டை என்னிடம் கொடுத்துச் சிறியதை அவர் தின்றார். எந்த உத்தியோகஸ்தரும் எனக்கு அப்படி ஒன்றைச் சொல்லித் தந்ததில்லை. அன்றிலிருந்து நான் அவரை நம்பினேன். ஒரு மனிதரை அவர் உத்தியோகத்துக்காக நம்பினால் ஏமாற்றம் சின்னது. அவர் பேச்சுக்காக நம்பினேன்.

கல்லில் அந்தப் பொருள் இருந்தால் காட்டிக்கொடுப்பதற்கு அவரிடம் ஒரு கருவி இருந்தது. கைகர் கருவி என்று பெயர். நாங்கள் பெட்டி என்போம். காதில் குழலை மாட்டிக்கொண்டு தரையோரமாகப் பிடித்து நடந்தால், எங்கும் விட்டுவிட்டு டிக், டிக் என்று கேட்கும். பொருள் இருக்கும் இடத்தில் அது படபடவென்று இரையும். கத்துகிறது என்போம். பாட்டரி கிடைப்பது அரிது. ஆகையால் முகாமில் அதைத் திறக்கவே மாட்டார். வேலை நடக்கும் இடத்தில் மட்டும்தான் திறப்பார். திறப்பதற்கு முன் எல்லோரும் மடியை, சட்டைப்பையை உதறிக் காட்ட வேண்டும். இருட்டில் மினுங்கும் முள்ளுள்ள கைக்கடிகாரம் கட்டியிருந்தால் அதைக் கழற்றித் தூர வைக்க வேண்டும். அதைக் கண்டும் பெட்டி கத்துமாம். முதலில் தன் மடியைத்தான் உதறுவார். "பெட்டி கத்தினா பூமியைப் பாக்காதேயும் ஓய். முதல்ல உம்ம மடியைப் பாரும்" என்பார். உங்களில் அவரோடு நடந்த ஒவ்வொருவரும் இதைக் கேட்டிருப்பீர்கள். நீங்களும் மடியை உதறியவர்கள்தான்.

பாலக்காட்டுப் பக்கம் அலைந்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டி டிக் டிக் என்றதோடு சரி. லாரியில் முகாமை ஏற்றிக்கொண்டு கம்பம் வழியாகக் குமுளி மலை ஏறினோம். சக்குபள்ளத்துக்கும் ஆனைக்கரைக்கும் இடையில் ஏலக்காடுகளை அறுத்துக்கொண்டு ஒரு பிளவு ஓடுகிறது என்று அவர் கணக்கு. அதன் ஓரமாக நடந்தபோதுதான் அந்தக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம்.

அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த கத்தோலிக்கர்கள். லயம் என்கிற வரிசைக் குடிசைகளில் கிடந்து சலித்து, அடிக்காட்டை வெட்டித் தாங்களே ஏலச்செடி நட்டுப் பிழைத்தார்கள். பத்திரம் கிடையாது. நட்ட செடிதான் பத்திரம். தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில். அதன் முன்னால் பாறைச் சுவரை ஒட்டி ஒரு கற்குருசு நட்ட குருசடி. பங்குச் சாமியார் எப்போதாவதுதான் மலையேறுவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது சவரிமுத்து உபதேசியார். வெற்றிலை போட்ட வாய், ஓயாத பேச்சு. நான் விளக்குக்காரன் என்று தெரிந்ததும் கோயிலின் காஸ் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, இது ஞாயித்துக்கிழமை மட்டும் மூச்சு விடாது. கிழமை தெரிஞ்ச லைட்டு. சாத்தான் கூட்டாளி போல."

"சாத்தான் இல்ல உபதேசியாரே, வாஷர் போயிருக்கு."

சரிசெய்து கொடுத்தேன். பழைய மேண்டிலைக் கையால் தொட்டதும் பொடியாகப் போயிற்று. எரிந்த மேண்டில் சாம்பல்தானே, ஊதிவிடலாம் என்று குனிந்தேன். அவர் பதறி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊதிராதிய! பீடத்துக்கு முன்னால எரிஞ்சதுல்லா. குப்பையில போவலாமா?" என்று அந்தச் சாம்பலை ஓர் ஏல இலையில் பொதிந்து, குருசடியின் காலில் குழி தோண்டி வைத்து மூடினார். ஆசீர்வாதம் பண்ணின பொருள் உபயோகம் தீர்ந்தால் எரிக்க வேண்டும், இல்லையென்றால் புதைக்க வேண்டும், காலில் மிதிபடக் கூடாது என்பது அவர்கள் முறை. கோயில் கட்டிய நாளிலிருந்து உடைந்த மேண்டில் எல்லாம் அங்கேதான் என்றார். நல்ல முறை என்று எனக்குப்பட்டது. எங்களிலும் கிழிந்த வேதத்தாளைக் கண்ட இடத்தில் போட மாட்டோம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, பிளவின் ஓரமாகப் பெட்டியோடு வந்த ஐயர், அவரை நாங்கள் சாமி என்போம், குருசடியை நெருங்கியதும் நின்றுவிட்டார். ஒரு கை தானாக உயர்ந்து எல்லோரையும் நிறுத்தியது. மடியை உதறினார். எங்களையும் உதறச் சொன்னார். மறுபடி போனார். பெட்டி கத்தியது. அவர் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். குழலைக் கழற்றி என் காதில் வைத்தார். பிறகு உபதேசியார் காதில் வைத்தார்.

"என்ன கேக்கறது ஓய்?"

"தகரத்துல மழை விழுத மாதிரி இருக்கு சாமி" என்றார் சவரிமுத்து.

கூட இருந்தவர்கள் கடப்பாரையைத் தூக்கினார்கள். சாமி தடுத்தார். "வேண்டாம். அது அவா கும்பிடற இடம். குருசடியிலே யாரும் கை வைக்கப்படாது. பக்கத்துப் பாறையிலே மாதிரி எடுங்கோ." உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர் ஐயர், சர்க்கார் அதிகாரி, தங்கள் குருசுக்கு அப்படி மரியாதை கொடுத்ததை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அந்த மரியாதை உண்மையானது. இன்றும் சொல்கிறேன், அதில் கள்ளம் இல்லை. அன்று அவர் அந்த இடத்தைத் தோண்டியிருந்தால் எல்லாம் அன்றே தெரிந்திருக்கும்.

குமுளிக்கு ஆள் போய்த் தந்தி கொடுத்தார்கள். மேலதிகாரி ஜீப்பில் வந்தார். குழலைக் காதில் வைத்துக் கேட்டார், சாமியின் தோளைத் தட்டினார், சுற்றிலும் கல் குவித்து எல்லை காட்டச் சொன்னார். எல்லைக்குள் இருக்கும் குடும்பங்கள் இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்கு மழைக்கு முன்னால் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவும் வந்தது. பக்கத்துப் பாறைகளின் மாதிரி சோதனைக்குப் போயிருந்தது. அதன் பதில் வருவதற்குள் உத்தரவு வந்துவிட்டது.

குடியிருப்பு முழுதும் கலங்கியது. ஆனைக்கரைப் பக்கம் ஒரு முதலாளி, மழைக்கு முன்னால் வந்து செடி வைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஏலச்செடியைக் கிழங்கோடு பெயர்த்து மழைத் தொடக்கத்தில் நட்டால் பிழைக்கும். மழை முற்றிய பிறகு நட்டால் அழுகும். போவதா, கெஞ்சிப் பார்ப்பதா என்று அவர்கள் கோயிலில் கூடிக் கூடிப் பேசினார்கள்.

அந்த நேரத்தில் முகாமில் மேண்டில் தீர்ந்துபோய் நான் குமுளிக்குப் போனேன். வாங்கிய மேண்டில்களைக் கோடை மழையில் நனையாமலிருக்க மடியில் கட்டிக்கொண்டு, முகாமுக்குப் போகாமல் நேராக வேலை நடக்கும் இடத்துக்கு வந்தேன். சாமி வெறும் பாறை மேல் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும் திடுக்கிட்டுக் குழலை அழுத்திப் பிடித்தார்.

"ஓய், தள்ளி நில்லும்."

நின்றேன்.

"கிட்டே வாரும்."

வந்தேன்.

"உம்ம மடியிலே என்ன ஓய் வச்சிருக்கீர்?"

"மேண்டில்ங்க சாமி."

அவர் பெட்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீர் நடமாடற சுரங்கம்னா! இந்த மேண்டில் துணியை ஓர் உப்பிலே நனைக்கறான். நம்ம கடற்கரை மணல்ல இருந்து எடுக்கற உப்பு. தோரியம்னு பேர். அதைக் கண்டாலும் பெட்டி கத்தும். எரிஞ்சு சாம்பலானாலும் கத்தும். நான் படிச்சது, மறந்தே போச்சு பாரும்!"

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன்: "அப்படீன்னா சாமி, குருசடி?"

"குருசடிக்கு என்ன?"

உபதேசியார் சாம்பலைப் புதைப்பதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போயிற்று.

மறுநாள் உபதேசியாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போனோம். அவரே ஜெபம் சொல்லி, அவர் கையாலேயே தோண்டினார். மக்கிப்போன இலைப் பொதிகளும் வெள்ளைச் சாம்பலும் மண்ணுமாக வந்தது. ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் அள்ளி ஓடைக்கரை வரை தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். சாமி குருசடியில் பெட்டியைப் பிடித்தார். டிக், டிக். ஓடைக்கரைக்குப் போய்த் தகரத்தின் மேல் பிடித்தார். தகரத்துல மழை.

குடியிருப்பில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவர் சொன்னார்: "உங்க பூமியிலே ஒண்ணும் இல்லே. உங்க கோவில் விளக்குதான் இருக்கு. நான் மேலே போய்ச் சொல்றேன். ஒருத்தரும் ஒரு செடியும் பிடுங்க வேண்டாம்."

ஆனைக்கரைக்குப் போகலாம் என்றிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். "அண்ணாச்சி, நம்பலாமா?" என்று சவரிமுத்து கேட்டார். "சாமி சொன்னா சொன்னதுதான்" என்றேன். பேசத் தெரிந்த நாளிலிருந்து நான் யாருக்கும் அப்படிச் சாட்சி நின்றதில்லை.

சாமி அன்றே பஸ் ஏறினார். முகாம் சாமான்களுக்குக் காவலாக நான் இருந்தேன். உபதேசியார் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். "சாமிட்டயிருந்து ஏதும் வந்துட்டா அண்ணாச்சி?" வரவில்லை. மழை வந்தது. ஆனைக்கரை இடத்தை வேறு ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள் என்ற செய்தி வந்தது. கடைசியில் காவலர்கள் வந்தார்கள்.

நான் அவர்களிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சாம்பல், மேண்டில், தகரம், பெட்டி என்று எனக்குத் தெரிந்த தமிழிலும் மலையாளத்திலும் விளக்குப் பெட்டி இங்கிலீஷிலும் சொன்னேன். ஒரு காவலர் கேட்டார், "தனிக்கு எந்தா இவிடெ பணி?" எனக்கு அங்கே என்ன வேலை என்று. "விளக்குத் துடைக்கறது" என்றேன். சிரித்தார்கள். கோயிலின் தகரத்தைப் பிரித்தபோது மழை நேராகப் பீடத்தின் மேல் விழுந்தது. பெயர்த்து நட நேரமில்லாமல் போன செடிகளைப் பெண்கள் கையால் தடவிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். சிலர் எந்த லயத்திலிருந்து தப்பி வந்தார்களோ அதே லயத்துக்குத் திரும்பினார்கள். ஆண்கள் குருசைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு ஆனைக்கரைப் பக்கம் போனார்கள். சவரிமுத்து என்னைத் திட்டவில்லை. "நீங்க என்ன செய்விய அண்ணாச்சி" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என்மேல் குற்றம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நினைக்கவும் மாட்டேன். ஒருவர் கண்ணால் கண்டு, வாயால் சொன்னதை நம்பினேன். நம்பியவனையே குற்றவாளி ஆக்கிவிட்டுச் சொன்னவர்கள் தப்பிப் போவதுதான் உலக வழக்கம். அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

அந்த இடத்தை யாரும் தோண்டவில்லை. பாறை மாதிரியில் ஒன்றுமில்லை என்று பதில் வந்ததாம். குவித்த கல்லின் மேல் புதர் மண்டியது. பிறகு பக்கத்து எஸ்டேட்டின் வேலி மெல்ல நகர்ந்து வந்து அதை உள்ளே எடுத்துக்கொண்டது. உடைந்தால் மட்டும் பிளவாகாது, நகர வேண்டும் என்று சொன்னாரே, அதுபோல.

அவர் மறுபடி என் கண்ணில் பட்டது, கல்பாத்தித் தேர் சமயத்தில். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தார். வேலந்தாவளத்திலிருந்து நான் கடையை ஊருக்குள் மாற்றியிருந்தேன். தேடிக் கண்டுபிடித்து வந்தார்.

"சௌக்யமா ராவுத்தரே?"

"லைட் வேணுமா சாமி?"

"உம்மைப் பாக்கத்தான் வந்தேன்."

"பாத்தாச்சுங்களே."

அவர் போகவில்லை. மண்ணெண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார். "சொன்னேன் ஓய். சொல்லாம இல்லே. ஜீப்பில வந்தாரே, அந்தப் பெரியவர்கிட்ட நேரே சொன்னேன். 'கோவில் சாம்பலைப் பாத்து ஏமாந்தோம்னு எழுதினா டெல்லியே சிரிக்கும். மழை முடியட்டும், பாறை மாதிரி பதில் வரட்டும், மெல்ல சரி பண்ணிக்கலாம்'னார். பொறுத்தேன். அதுக்குள்ளே என்னைப் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பிட்டா. மேலே ஏறின சேதி ஏணி வச்சாலும் இறங்காது ஓய்" என்றார்.

"பொறுத்தது நீங்க சாமி. நனைஞ்சது அவங்க."

"வாஸ்தவம்."

"எனக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா, மழைக்கு முன்னாடி செடியைப் பேத்துட்டுப் போயிருப்பாங்க. 'முடியலே, போயிடுங்கோ'ன்னு ஒரு கார்டு."

அந்தக் கார்டு வரவே இல்லை. மேலதிகாரியை எதிர்க்க முடியவில்லை என்றால் எனக்குப் புரியும். எல்லோருக்கும் குடும்பம் உண்டு, உத்தியோகம் உண்டு. ஒரு கார்டு போட எந்த மேலதிகாரியின் அனுமதியும் தேவையில்லை. எனக்குக் கார்டு போட்டால் தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அவர் மனம் வரவில்லை. இதைத்தான் நான் துரோகம் என்கிறேன். வேறு மெல்லிய வார்த்தை இருந்தால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், என் பெயருக்குக் கீழே அல்ல.

அதன் பிறகு ஒவ்வொரு தேருக்கும் வருவார். அதே டின் மேல் உட்காருவார். டீ வாங்கிக் கொடுப்பேன். விளக்கைப் பற்றிப் பேசுவோம், கல்லைப் பற்றிப் பேசுவோம். அவர் மன்னிப்புக் கேட்டதில்லை. நான் கொடுத்ததில்லை. வேறு யாராவது டின்மேல் உட்கார்ந்திருந்தால், "எழுந்திரும், அது என்னோட இடம்" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

கடைசியாக வந்தபோது உடம்பு பாதியாகி இருந்தது. டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குருசு இப்போ எவிடெ ஓய்?"

"ஆனைக்கரையில. சின்னதா கோயில் கட்டியிருக்காங்க."

"விளக்கு எரியறதா?"

"எரியுதுங்க. நான்தான் மேண்டில் கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

"சாம்பல்?"

"இப்பவும் குருசடிக் காலுலதான்."

சிரிக்க ஆரம்பித்தார், இருமலில் முடிந்தது. "அப்போ இன்னொருத்தன் பெட்டியைத் தூக்கிண்டு வருவான் ஓய். அது கத்தும். அவன்கிட்டே யாராவது சொல்லணுமே."

"நீங்க சொல்லுங்க."

"நான்தான் சொல்லலையே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கு மேல் அவரை நான் பார்க்கவில்லை.

அவர் இறந்த செய்தியை நானே ஆனைக்கரைக்குக் கொண்டுபோனேன். சவரிமுத்து உபதேசியாருக்கு இப்போது பல் போய்விட்டது, பேச்சு போகவில்லை. சாமியாரிடம் சொல்லிப் பூசை வைக்க வேண்டும் என்றார்.

"ஐயருக்கா?"

"ஐயரா இருந்தா என்ன அண்ணாச்சி? நல்ல மனுசன். குருசடியில கை வைக்க மாட்டேன்னு சொன்னாருல்லா."

"கை வச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். உங்க வூடு உங்களுக்கு இருந்திருக்கும்."

"அது தெரியும். ஆனா மரியாதை மரியாதைதான்."

அவர்கள் மன்னித்துவிட்டார்கள். அது அவர்கள் இஷ்டம். இழந்தவர்கள் அவர்கள். நான் மன்னிக்கவில்லை. அவருடைய வார்த்தைக்கு என் வார்த்தையைப் பிணை வைத்தேன். அந்தப் பிணை இன்னும் மீளவில்லை. ஆனாலும் பூசைக்கு விளக்கு வேண்டுமே. புது மேண்டில் கட்டி, எரித்துப் பதப்படுத்தி, நானே காற்றடித்து ஏற்றினேன். பூசை முடிந்ததும் அது உடைந்தது. உபதேசியார் சாம்பலை இலையில் பொதிந்து, குருசடியின் காலில் புதைத்தார். நான் குனிந்து மண்ணைத் தள்ளிக் கொடுத்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது இரண்டு. உடைந்து நகர்ந்த ஒரு வெல்லக்கட்டி. "முதல்ல உம்ம மடியைப் பாரும்" என்ற ஒரு சொல். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். மூன்றாவதாக ஒரு வேலையையும் விட்டுப் போயிருக்கிறார். அதை நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அவர் செய்யாமல் விட்டதால் யாராவது செய்தாக வேண்டும்.

ஆகவே, இனி அந்த மலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிற ஐயா, நீங்கள் யாராக இருந்தாலும் சரி: ஆனைக்கரைக் குருசடியில் உங்கள் பெட்டி கத்தும். அங்கே ஒன்றும் இல்லை. அது கோயில் விளக்கின் சாம்பல். அந்த மனிதர்களைக் கிளப்பாதீர்கள்.